வாடகை சுவருக்கு, வாழ்வுக்கு அல்ல!

புதிதாகக் கட்டிய மாடி வீடு. நிலைப்படிக்கு மேலே பூசணிக்காய் தொங்குகிறது. கோரைப்பல்லும் கொம்பும் தீட்டிய பூதமுகம் ஒன்று உருட்டி விழிக்கிறது. எலுமிச்சையும் மிளகாயும் கோத்த கயிறு காற்றில் ஆடுகிறது. எதற்காக? ஊரார் கண் வீட்டின்மீது படக்கூடாதாம்!

அதே நிலைப்படிக்கு ஒரு சாண் தள்ளி, கருநிறத்தில் மற்றொரு கண். இமைக்காத கண், உறங்காத கண், இரவையும் பகலாகக் காணும் கண். அதற்குப் பெயர் கண்காணிப்புக் கேமரா. அது எதற்காக? வீட்டுக்காரரின் கண் ஊரார்மீது, சிறப்பாகத் தம் வீட்டிலே குடியிருப்போர்மீது, எப்போதும் படவேண்டுமாம்!

பிறர் கண் பட்டால் கேடு. தம் கண் பட்டால் காவல்! பூசணிக்காயும் கேமராவும் ஒரே வாசலில் தொங்குவதிலே அறிவியலும் அறியாமையும் கைகோத்து நிற்பதைக் காண்கிறோம். நகைத்துவிட்டு நடந்துவிடலாம். ஆனால், நகைப்பு அடங்கியபின் ஒரு கேள்வி எழுகிறது. வீடு ஒருவருடையது, வாழ்வு மற்றொருவருடையது என்றால், அந்த வாசலில் தொங்கும் கண் யாருடையது?

சிறிய கேள்விதான். ஆனால் புளியந்தோப்பிலே, பட்டாளத்திலே, இராயபுரத்திலே, திருவொற்றியூரிலே வாடகைக்குக் குடியிருக்கும் எண்ணற்ற குடும்பங்களின் தன்மானம் அந்தக் கேள்வியின் விளிம்பிலேதான் நிற்கிறது.

புளியந்தோப்பின் சந்துகளை அறிந்தவர்களுக்கு விளக்கம் வேண்டியதில்லை. ஒரு வாசல், உள்ளே ஆறு குடித்தனம். ஒரு குழாய், ஆறு குடம். ஒரு மாடிப்படி; அதிலே ஏறுவோர், இறங்குவோர், துணி உலர்த்துவோர், படியிலேயே அமர்ந்து பாடம் படிக்கும் பிள்ளைகள். ஒண்டுக் குடித்தனம் என்று ஊர் சொல்லும் வாழ்க்கை. அங்கே திருட்டு இல்லையா? உண்டு. வாசலில் நிறுத்திய மோட்டார் சைக்கிள் விடிவதற்குள் மறைகிறது. தண்ணீர் மோட்டார் கழற்றப்படுகிறது. காலியான எரிவாயு உருளைகூடக் களவு போகிறது. கடன் வாங்கிக் கட்டிய வீட்டுக்கு உடையவர் காவல் தேடுவது குற்றமாகாது. 2017-ஆம் ஆண்டையொட்டிச் சென்னை மாநகரக் காவல்துறை ‘மூன்றாவது கண்’ என்று பெயரிட்டு, தெருத்தெருவாகக் கேமரா பொருத்துமாறு மக்களைத் தூண்டியதையும் அறிவோம். களவாடியவரைக் கண்டுபிடிக்க அந்தப் படங்கள் உதவியதையும் மறுப்பதற்கில்லை. ஆகவே, கேமரா என்றாலே கொடுமை என்று கூவுவது என் நோக்கமன்று. கத்தி கனியையும் அரியும், கழுத்தையும் அரியும். கத்தியைப் பழிப்பதல்ல பகுத்தறிவு. அதைப் பிடித்திருப்பது எவர் கை, அது நீள்வது எவர் கழுத்தை நோக்கி என்று கேட்பதே பகுத்தறிவு.

முதலில், விவாதத்துக்கே இடமில்லாத இழிசெயலை ஒதுக்கி வைத்துவிடுவோம். 2018 டிசம்பரில் சென்னை ஆதம்பாக்கத்தில், பெண்கள் விடுதி நடத்தி வந்த ஒருவர், அறைகளிலும் குளியலறையிலும் ஒளிகேமரா பதித்திருந்தார் என்று கைதானார். அவற்றைக் கண்டுபிடித்தது காவலரல்லர். அங்கே தங்கியிருந்த பெண்கள். தங்கள் கைப்பேசியின் துணைகொண்டே அந்தக் கள்ளக் கண்ணைப் பிடித்தனர். 2024 செப்டம்பரில் தில்லி ஷகர்பூரில், தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த ஒரு பெண், ஊருக்குச் செல்லும்போது நம்பிச் சாவியை வீட்டுக்காரர் மகனிடம் கொடுத்தார். திரும்பி வந்து வாழ்ந்த அறையின் விளக்குக் கூட்டிலே கேமரா இருந்தது! இத்தகையோருக்குச் சட்டம் இருக்கிறது. 2013-இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 354-சி என்று சேர்க்கப்பட்ட பிரிவு, 2024 ஜூலை முதல் நாளிலிருந்து பாரதிய நியாய சன்ஹிதாவில் 77-ஆம் பிரிவாக நிற்கிறது. முதல் குற்றத்துக்கு ஓராண்டுக்குக் குறையாமல் மூன்றாண்டு வரையில் சிறை. மீண்டும் செய்தால் ஏழாண்டு வரையில். அந்தக் கயமையை ஆதரித்துப் பேச எவரும் மேடை ஏறமாட்டார். எனவே, அதனை விடுவோம்.

ஒளித்து வைத்த கேமரா குற்றம் என்பதிலே எல்லோரும் உடன்படுகிறோம். ஒளிக்காமல், பட்டப்பகலில், ‘காவலுக்காக’ என்று சொல்லியே மாட்டப்படுகிறதே, அதைப் பற்றித்தான் சிந்திக்க வேண்டியிருக்கிறது. திருடனைத் திருடன் என்று அறிவது எளிது. காவலன் உடையில் வருவதை அறிவதுதான் கடினம்.

என்னுடன் பணியாற்றும் ஆசிரியர் ஒருவர், இந்தப் பகுதியிலே ஒரு மாடியில் இரண்டு அறை பிடித்திருக்கிறார். மாடிப்படியின் முடிவில், அவருடைய கதவுக்கு நேரெதிரே கேமரா. வீட்டுக்காரர் குடியிருப்பது அம்பத்தூரில். கண் மட்டும் புளியந்தோப்பில்! ஒரு ஞாயிறு மாலை, பள்ளிப் படிப்பை முடித்த நான்கு இளைஞர்கள் நூல் இரவல் வாங்க வந்தனர்; பேச்சு நீண்டது; இரவு ஒன்பதரை மணிக்கு மேல் புறப்பட்டனர். மறுநாள் காலை தொலைபேசி ஒலித்தது.

“சார், நேத்து மாடிக்கு நாலு பேர் ஏறினாங்களே, யாருங்க அவங்க?”

“என் பழைய மாணவர்கள், ஐயா.”

“ஒண்ணுமில்லே, சும்மாத்தான் கேட்டேன். ஒம்பது நாப்பதுக்குத்தான் இறங்கினாங்க போலிருக்கே!”

அவ்வளவுதான். அதட்டவில்லை, ஏசவில்லை, வீட்டைக் காலி செய் என்று சொல்லவுமில்லை. ஆயினும் அடுத்த ஞாயிறு அந்த இளைஞர்கள் வந்தபோது, நண்பர் அவர்களைப் படியேற விடாமல், தெருமுனைத் தேநீர்க் கடைக்கு அழைத்துச் சென்றார். அதற்கடுத்த ஞாயிறு அவர்களே வரவில்லை. கதவு திறந்துதான் இருக்கிறது, வருவார்தான் இல்லை!

ஒரு சொல்லும் தடுக்கவில்லை. ஒரு பார்வை தடுத்துவிட்டது. இதுதான் திறந்த கேமராவின் தனி ஆற்றல். அது கட்டளை இடுவதில்லை. நாமே நமக்குக் கட்டளை இட்டுக்கொள்ளும்படி செய்கிறது.

வீட்டுக்காரர் அறிவதெல்லாம் என்ன, எண்ணிப் பாருங்கள். நீ எப்போது எழுந்தாய், எப்போது திரும்பினாய், யாரோடு வந்தாய் என்பதை அறிகிறார். ஞாயிற்றுக்கிழமை உன் கையிலிருந்த பை ஆட்டுத்தொட்டிப் பக்கமிருந்து வந்ததா, காய்கறிக் கடையிலிருந்து வந்ததா என்பதை அறிகிறார். உன் வீட்டுக்கு வரும் தோழர் தொப்பி அணிந்தவரா, சிலுவை அணிந்தவரா என்பதை அறிகிறார். சாதி கடந்து மணந்து, இரு வீட்டாரின் சினத்துக்கும் தப்பி, பெயர் தெரியாத தெருவில் குடிபுகுந்த ஓர் இளம் இணையரை நினையுங்கள். அந்தப் படிக்கட்டில் பதிவாகும் முகம் அவர்களுக்கு வெறும் முகமா? ‘இவர்களைத் தெரியுமா?’ என்று கேட்டு வருவோர் கையில் அந்தப் படம் சிக்கினால் அது உயிரல்லவா! வீடு தேடும்போது ‘நீங்க என்ன ஆளுங்க?’ என்று வாயால் கேட்கும் சமுதாயம் இது. வாயால் கேட்க நாணுவோருக்காக, கேட்காமலே தெரிந்துகொள்ளும் கருவி கிடைத்திருக்கிறது.

“மடியிலே கனமில்லை என்றால் வழியிலே பயமேன்?” என்பர். பழமொழி அழகானது, பயன்படுத்தும் இடம்தான் பிழையானது. மடியிலே கனமில்லாதவன் வழிப்பறிக்காரனுக்கு அஞ்ச வேண்டியதில்லை என்பதே அதன் பொருள். வழிநெடுக ஒவ்வொருவரும் அவன் மடியை அவிழ்த்துப் பார்க்கலாம் என்பதல்ல! குளிப்பது குற்றமா? இல்லை; ஆனாலும் கதவைச் சாத்துகிறோம். கணவனும் மனைவியும் வறுமையைப் பற்றிப் பேசிக் கண்ணீர் வடிப்பது குற்றமா? இல்லை; ஆனாலும் அண்டை வீட்டார் கேட்காதபடி குரலைத் தாழ்த்துகிறோம். மறைப்பதெல்லாம் குற்றமல்ல. குற்றமே இல்லாதவனுக்கும் மறைவு தேவை. ஏனெனில் அவன் குற்றவாளி அல்லன், மனிதன்!

அப்படிப் பழமொழி பேசுவோரிடம் ஒரே ஒரு வேண்டுகோள். மாடிப்படியில் மாட்டிய கேமராவைப் போலவே, தம் வீட்டு வாசலிலும் ஒன்றை மாட்டி, அதில் தெரியும் காட்சியைக் குடித்தனக்காரரின் கைப்பேசிக்கு அனுப்பட்டும். மடியிலே கனமில்லை அல்லவா? செய்வார்களா? செய்யமாட்டார்கள். அப்போது தெரியும், பேச்சு கனத்தைப் பற்றியதல்ல, கையிலுள்ள அதிகாரத்தைப் பற்றியது என்று.

தோழர்களே! இந்தக் கண்ணை நாம் புதிதாகக் காணவில்லை. ‘மேலே ஒருவன் இருக்கிறான், எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கிறான்’ என்று பல்லாண்டுகளாகச் சொல்லி வந்தார்கள். அந்தக் கண் இல்லையேல் மனிதன் திருடுவான், கொலை செய்வான், ஒழுக்கம் ஓடிப்போகும் என்றார்கள். பகுத்தறிவாளர் தந்த விடை என்ன? பார்க்கப்படுகிறோம் என்ற அச்சத்தால் திருடாதிருப்பவன் நல்லவன் அல்லன். வாய்ப்பை எதிர்நோக்கிக் காத்திருப்பவன். எவரும் பாராத இருளிலும் பிறர் பொருளைத் தொடாதவனே ஒழுக்கமுடையவன். ஒழுக்கம் உள்ளிருந்து முளைப்பது, மேலிருந்து தொங்குவது அல்ல என்றோம். வானத்துக் கண்ணைப் பற்றி இவ்வாறு வாதிட்டவர்கள், அந்தக் கண் வாசலுக்கு இறங்கி வந்து, மின்சாரத்தில் இயங்கத் தொடங்கியதும் வாய்மூடி நிற்கலாமா?

1791-இல் இங்கிலாந்திலே பெந்தாம் என்னும் அறிஞர் ஒரு சிறைச்சாலைத் திட்டத்தை நூலாக வெளியிட்டார். வட்டமான கட்டடம், சுற்றிலும் அறைகள், நடுவிலே ஒரு கோபுரம். கோபுரத்திலுள்ள காவலர் எல்லா அறைகளையும் பார்க்கலாம். கைதிகள் அவரைப் பார்க்க முடியாது. அவர் பார்க்கிறாரா, உறங்குகிறாரா என்பதும் தெரியாது. தெரியாததால், எப்போதும் பார்க்கப்படுவதாகவே எண்ணி அடங்கி நடப்பார்கள். அதுதான் அத்திட்டத்தின் சூட்சுமம். பெந்தாம் அதைக் குற்றவாளிகளுக்காக எண்ணினார். நாமோ அதை மாதந்தோறும் வாடகை கொடுப்பவருக்கு, மூன்று மாத அட்வான்சும் வாங்கிக்கொண்டு, வழங்குகிறோம்!

“வீடு என்னுடையது, என் வீட்டில் நான் எதையும் மாட்டுவேன்” என்ற வாதம் அடுத்து வருகிறது. உடைமை என்பது என்ன? வாடகைக்கு விட்ட நாளிலே, வீட்டுக்காரர் சுவரை விற்கவில்லை. ஆனால் அந்தச் சுவருக்குள் வாழும் உரிமையை விலைபேசிக் கொடுத்துவிட்டார். ஒப்பந்தக் காலம் வரையில் அது குடித்தனக்காரரின் இல்லம். ஏழையின் குடிசை இடிந்திருக்கலாம், காற்று நுழையலாம், மழை நுழையலாம்; ஆனால் மன்னர் நுழைய முடியாது என்ற கருத்தை, 1763-இல் ஆங்கில நாட்டுப் பாராளுமன்றத்தில் பிட் என்பார் முழங்கியதாக வரலாறு கூறும். மன்னரைத் தடுத்த அந்த வாசலில் வீட்டுக்காரரின் கண் மட்டும் தாராளமாக நுழைவதா?

நம் சட்டம் இதைப் பாதி அறிந்திருக்கிறது. 1960-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்கு மாற்றாக, 2017-இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டுச் சட்டம், வீட்டு உடைமையாளர், வாடகைதாரர் இருவரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் வகுக்கிறது. பழுதுபார்க்கவோ பார்வையிடவோ வீட்டுக்குள் வர விரும்பும் வீட்டுக்காரர், 24 மணி நேரம் முன்னதாக எழுத்திலே அறிவிக்க வேண்டும் என்கிறது. நல்ல விதி. ஆனால் விந்தையைப் பாருங்கள்: கால் நுழைய 24 மணி நேர அறிவிப்பு, கண் நுழையவோ 24 மணி நேரமும் அனுமதி! காலுக்கு வேலி கட்டிய சட்டம் கண்ணுக்கு வேலி கட்ட மறந்தது.

நீதிமன்றங்கள் அந்த வேலியை மெல்ல மெல்லக் கட்டி வருகின்றன. 1962-இல் கரக் சிங் என்பவரின் வழக்கிலே, காவலர் நள்ளிரவில் ஒருவர் வீட்டுக் கதவைத் தட்டிப் பார்வையிடும் வழக்கத்தை உச்சநீதிமன்றம் செல்லாது என்றது. கண்காணிப்பின் மற்ற வகைகளை அன்று பெரும்பான்மை நீதிபதிகள் விட்டுவைத்தனர். சுப்பாராவ் அவர்களோ, கண்காணிப்பு முழுவதுமே உரிமைக்கு மாறானது என்று பெரும்பான்மையிலிருந்து மாறுபட்டுத் தீர்ப்பெழுதினார். ஐம்பத்தைந்து ஆண்டுகள் கழித்து, 2017 ஆகஸ்ட் 24-ஆம் நாள், புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்து, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றனர். 2025-இல், ஒரே வீட்டில் வாழ்ந்த உடன்பிறந்தார் இருவரின் வழக்கிலே, உடனுறைவோரின் இசைவின்றிக் குடியிருப்புப் பகுதிக்குள் கேமராவை இயக்கக்கூடாது என்று கல்கத்தா உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதில் தலையிட உச்சநீதிமன்றம் மறுத்தது. உடைமையில் பங்குள்ள உடன்பிறந்தவருக்கே மற்றவரின் வாழ்வைப் படமெடுக்க உரிமை இல்லை என்றால், வாடகை வாங்கும் வீட்டுக்காரருக்கு அந்த உரிமை எங்கிருந்து வந்தது?

இது வீட்டோடு முடியும் செய்தியல்ல என்பதையும் இளைஞர்கள் எண்ண வேண்டும். 1914-இல் அமெரிக்காவிலே ஃபோர்டு நிறுவனம், நாளொன்றுக்கு ஐந்து டாலர் என்று ஊதியத்தை உயர்த்தியது, உலகமே வியந்தது. கூடவே, தொழிலாளரின் வீடுகளுக்கு ஆள் அனுப்பியது. குடிக்கிறானா, சேமிக்கிறானா, வீடு துப்புரவாக இருக்கிறதா என்று எழுதிவரச் செய்தது. நல்ல பெயர் வாங்கியவனுக்கே முழு ஊதியம்! கூலியோடு கூட வாழ்வையும் வாங்கிவிட்டதாக முதலாளி எண்ணினார். இன்று அட்வான்சோடு கூட வாழ்வையும் வாங்கிவிட்டதாக வீட்டுக்காரர் எண்ணுகிறார்.

நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில், கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக வாழும் அட்லாண்டிக் பிளாசா டவர்ஸ் என்ற அடுக்குமாடிக் குடியிருப்பில், கதவு திறக்க முகத்தை அடையாளம் காணும் கருவியைப் பொருத்த நிர்வாகம் முயன்றது. குடியிருப்போர் கூடத்தில் நின்று துண்டறிக்கை வழங்கினர். வழங்கியவர்களின் படங்களையே கேமராவிலிருந்து எடுத்து, எச்சரிக்கைக் கடிதம் அனுப்பினர்! திருடனைப் பிடிக்க மாட்டிய கண், தோழனைப் பிடிக்கத் திரும்பியதைக் கண்டீர்களா? ஆனால் அவர்கள் அஞ்சவில்லை. 2019-இல் நூற்றுக்கு மேற்பட்டோர் சேர்ந்து அரசு அமைப்பிடம் முறையிட்டனர். அந்த ஆண்டின் இறுதிக்குள் நிர்வாகம் திட்டத்தைக் கைவிட்டது. 2021-இல் அந்த நகரம், குடியிருப்போரைப் பற்றிய தகவல்களைக் காக்கத் தனிச் சட்டமே இயற்றியது.

அவ்வளவு தொலைவு போவானேன்? நம் பெரம்பூர், புளியந்தோப்பு மண்ணை நினைத்துப் பாருங்கள். பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளின் தொழிலாளர்கள் 1918 ஏப்ரல் 27-இல் சென்னைத் தொழிலாளர் சங்கத்தைக் கண்டார்கள். வாடியாவும் திரு.வி.க.வும் மேடையில் பேசுமுன், அந்தத் தொழிலாளர்கள் எங்கே பேசியிருப்பார்கள்? சந்துகளில், திண்ணைகளில், விளக்கணைந்த ஒற்றை அறைகளில்! அன்று ஒவ்வொரு மாடிப்படியிலும் ஒரு கண் இருந்து, எவன் எவன் அறைக்கு எத்தனை மணிக்குச் சென்றான் என்று எவரோ ஒருவருக்குக் காட்டியிருந்தால், சங்கம் முளைத்திருக்குமா? ஆலை மூடப்பட்டுவிட்டது, அதன் பாடம் மூடப்படவில்லை. சிந்தனை முதலில் நான்கு சுவருக்குள் பிறக்கிறது; பிறகுதான் நாற்சந்திக்கு வருகிறது. சுவருக்குள் கண் வந்துவிட்டால் நாற்சந்திக்கு வர எதுவும் மிஞ்சாது.

“பெண்கள் தனியே வாழ்கிறார்களே, அவர்களுக்குக் காவல் வேண்டாமா?” என்று கேட்பதைப் புறக்கணிக்க மாட்டேன். இரவுப் பணி முடித்து, ஆளரவமற்ற சந்தில் நடந்துவரும் செவிலியர், ஏற்றுமதி ஆடைத் தொழிற்சாலையிலிருந்து திரும்பும் மங்கை, வாசலில் ஒரு கேமரா இருப்பதால் நிம்மதி கொள்கிறேன் என்றால், அந்த நிம்மதியைப் பறிக்க நான் யார்? ஆனால் அவர் கேட்பது என்ன? தெருவிலிருந்து வருபவனைப் பார்க்கும் கண். நாம் கொடுப்பது என்ன? தம்மையே பார்க்கும் கண்! ஆதம்பாக்கத்திலும் ஷகர்பூரிலும் ஆபத்து தெருவிலிருந்து வரவில்லை. சாவி வைத்திருந்தவரிடமிருந்து வந்தது. 2025-இல் குஜராத் மாநிலம் இராஜ்கோட்டில், ஒரு மகப்பேறு மருத்துவமனையின் கண்காணிப்புப் படங்கள் களவாடப்பட்டு, இணையத்திலே விலைபேசப்பட்ட கொடுமையை நாடு கண்டது. காவலுக்கு எடுத்த படமே களவாடும் பொருளாயிற்று! எடுக்கப்படாத படத்தை எவராலும் திருட முடியாது என்பது எளிய உண்மை. பெண்ணைக் காப்பது அவளைப் பார்ப்பதாலல்ல. அவளுக்கு ஊறு செய்ய வருபவனைப் பார்ப்பதால். இந்த வேறுபாட்டை மறைத்துவிட்டு, ‘எல்லாம் உன் நன்மைக்கே’ என்று சொல்வது பழைய வீட்டுச் சிறையின் புதிய பூட்டு.

பின், என்னதான் செய்வது? கேமராக்களைக் கல்லால் அடிப்பதா? கூடாது. முறை வகுப்போம்.

கண் தெருவை நோக்கட்டும், கதவை நோக்க வேண்டாம். பொது வாசலிலே மாட்டலாம். ஒரு குடித்தனத்தின் நிலைப்படியை, சன்னலை, துணி உலர்த்தும் இடத்தை, பொதுக் கழிப்பறைக்குச் செல்லும் வழியைப் படமெடுக்கக் கூடாது. குடியிருப்போர் அனைவரும் கூடி இசைந்த பிறகே மாட்ட வேண்டும். எங்கே இருக்கிறது, எதைப் பார்க்கிறது என்பதை வாடகை ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். பேச்சைப் பதிவு செய்யும் ஒலிவாங்கி அறவே கூடாது. படங்கள் குறித்த நாளில் தாமாகவே அழிய வேண்டும். களவோ கலகமோ நடந்தாலன்றி, எவரும் பழைய படங்களைப் புரட்டிப் பார்க்கக் கூடாது. பார்த்தால், யார், எதற்காகப் பார்த்தார் என்பது குடியிருப்போருக்குத் தெரிய வேண்டும். இத்தனையையும் 2017-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு ஒரு திருத்தமாகக் கொண்டுவர வேண்டும் என்று நாம் கேட்க வேண்டும். 2023-இல் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறதே என்பர். தனிப்பட்ட அல்லது வீட்டுத் தேவைக்காகத் தனிமனிதர் கையாளும் தகவலை அச்சட்டம் விலக்கி வைக்கிறது. வாடகை வாங்கும் வீட்டுக்காரர் அந்த விலக்கின் நிழலிலே ஒதுங்கிக்கொள்ள இடம் கொடுக்காதவாறு தெளிவான விதி வேண்டும்.

சட்டம் வருமுன்னரே செய்யத்தக்கது ஒன்றுண்டு. இதைப் படிக்கும் இளைஞர்களில் எல்லோரும் குடித்தனக்காரர் வீட்டுப் பிள்ளைகள் அல்லர். சிலருடைய தந்தையார், உழைத்துச் சேர்த்த பணத்தில் இரண்டு வீடு கட்டி வாடகைக்கு விட்டிருப்பார். அந்த வீட்டுக் கேமராவின் காட்சி உங்கள் கைப்பேசியிலேயே இருக்கும். பொழுது போகாத வேளையிலே, மாடிக்கு யார் ஏறுகிறார் என்று விரல் தடவிப் பார்த்தும் இருப்பீர்கள். உங்களைத்தான் கேட்கிறேன்: சாதி கேட்டு வீடு கொடுப்பது இழிவு என்று மேடையில் முழங்குகிறோம், கேட்காமலே, படியேறும் காலைப் பார்த்து எடைபோடுவது எவ்வகையில் உயர்வு? தந்தையிடம் சொல்லுங்கள். தாயிடம் சொல்லுங்கள். “அந்தக் கண்ணைத் தெருப்பக்கம் திருப்பி வையுங்கள், அவர்கள் நம் வீட்டில் இருக்கிறார்கள், நம் சிறையில் அல்ல” என்று சொல்லுங்கள். ஒரு திருகாணியைத் தளர்த்தி, ஒரு சாண் திருப்பினால் போதும். பணச் செலவில்லை, மனந்தான் செலவு.

பூசணிக்காயைக் கழற்றுவது எளிது. அழுகினால் அதுவே விழுந்துவிடும். மனிதனை மனிதன் ஐயத்தோடு பார்க்கும் பழக்கம் தானாக அழுகி விழாது. அதைக் கழற்றக் கை வேண்டும். அந்தக் கை, இளைஞர்களே, உங்களுடையதாக இருக்கட்டும்!